அசெம்பிள் செய்த கணினியில் மேக்ஓஎஸ்: பூட் ஆகாமல் நின்றால் எங்கே பார்ப்பது?

ஆப்பிள் சின்னம் வரும். அதன் கீழுள்ள கோடு பாதி வரை நகர்ந்து அப்படியே நின்றுவிடும். பத்து நிமிடம் காத்திருந்தாலும் அசையாது. பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்த கணினியில் மேக்ஓஎஸ் நிறுவ முயலும் பலரும் முதலில் மாட்டிக்கொள்வது இந்தத் திரையில்தான். உடனே, வேறு யாரோ தன் கணினிக்காகச் செய்துவைத்த இஎஃப்ஐ ஃபோல்டரை (பூட் செய்யத் தேவையான கோப்புகளும் செட்டிங்குகளும் இருக்கும் ஃபோல்டர்) தரவிறக்கிப் போட்டுப் பார்ப்பார்கள். அது ஓடாவிட்டால் இன்னொன்று. அதுவும் ஓடாவிட்டால் பயாஸில் நாலைந்து விஷயங்களைச் சேர்த்தே மாற்றுவார்கள். இப்படித் தற்செயலாக ஓடினாலும் எதனால் ஓடியது என்று தெரியாது. அடுத்த அப்டேட்டில் நின்றுபோனால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பூட் என்பது கட்டம் கட்டமாகக் கைமாறுகிற வேலை. முதலில் மதர்போர்டின் பயாஸ், அதனிடமிருந்து ஓப்பன்கோர் (ஆப்பிள் அல்லாத கணினியில் மேக்ஓஎஸ்ஸைப் பூட் செய்ய உதவும் மென்பொருள்), அதனிடமிருந்து ஆப்பிளின் பூட்டர், பிறகு கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி), பிறகு டிரைவர்கள், கடைசியில் இன்ஸ்டாலர் திரை. எந்தக் கைமாறலில் நின்றது என்று தெரிந்துவிட்டால், சந்தேகப்பட வேண்டிய இடங்கள் மூன்று நான்காகச் சுருங்கிவிடும். இந்த வழிகாட்டி அந்த வரிசையில்தான் போகிறது. கையில் ஒரு உதாரணம் வேண்டும் என்பதற்காக, இன்டெல் ஒன்பதாம் தலைமுறை ஐ7-9700 ப்ராசசர், இசட்390 மதர்போர்டு, ரேடியான் ஆர்எக்ஸ் 580 கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கணினியில் மேக்ஓஎஸ் சோனோமா போடுவதாக வைத்துக்கொள்கிறேன். திரையில் வரும் செய்திகள் ஆங்கிலத்தில் இருக்கும். இங்கே அவற்றை ஒலிக்கேற்பத் தமிழில் எழுதியிருக்கிறேன், பார்த்ததும் அடையாளம் தெரியும்.

தொடங்கும் முன் இரண்டு விஷயங்கள். மேக்ஓஎஸ் உரிம ஒப்பந்தம் ஆப்பிள் தயாரித்த கணினிகளில் மட்டுமே அதை நிறுவ அனுமதிக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். அலுவலக வேலைக்கான கணினியில் இதைச் செய்யவே வேண்டாம். இரண்டாவது, இன்டெல் மேக்குகளுக்கான காலம் முடிகிறது. மேக்ஓஎஸ் 26 டாஹோதான் இன்டெல் மேக்குகளில் ஓடும் கடைசிப் பதிப்பு என்று ஆப்பிள் 2025 ஜூனில் அறிவித்துவிட்டது. அதற்கு மேல் இந்த வழியில் போக முடியாது. இருக்கும் கணினியை இன்னும் சில வருடம் பயன்படுத்த நினைப்பவர்களுக்கும், ஒரு இயங்குதளம் எப்படி எழுந்து நிற்கிறது என்று கற்க நினைப்பவர்களுக்கும் இது பயன்படும். இதற்காகவே புதிதாகப் பாகங்கள் வாங்க வேண்டாம் என்பது என் கருத்து.

முதலில் வன்பொருள்

எத்தனை செட்டிங் மாற்றினாலும் ஓடாத பாகங்கள் சில உண்டு. அதில் நேரத்தை விடாதீர்கள். என்விடியா ஆர்டிஎக்ஸ் வரிசைக்கும், ஜிடிஎக்ஸ் 1650, 1660 ஆகியவற்றுக்கும் மேக்ஓஎஸ் டிரைவர் வந்ததே இல்லை. ஜிடிஎக்ஸ் 1050, 1060 போன்றவை ஹை சியேரா பதிப்போடு நின்றுவிட்டன. ஏஎம்டியில் ஆர்எக்ஸ் 570, 580, 5500 எக்ஸ்டி, 5700, 6600, 6800 ஆகியவை ஓடும். நடுவில் இருக்கும் 6700 எக்ஸ்டிக்கு ஆப்பிள் டிரைவர் இல்லை. 7000 வரிசைக்கும் இல்லை. ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் இன்டெல் கிராஃபிக்ஸ் மேசைக் கணினிகளில் பத்தாம் தலைமுறை வரைதான் ஓடும். பதினொன்றாம் தலைமுறை முதல் தனி கார்டு கட்டாயம்.

எஸ்எஸ்டியிலும் கவனம் வேண்டும். சாம்சங் பிஎம்981, மைக்ரான் 2200எஸ் போன்ற சில என்விஎம்இ டிரைவ்கள் மேக்ஓஎஸ்ஸில் கெர்னல் பேனிக் (கெர்னலே பிழையோடு நின்றுபோவது) கொடுப்பதற்குப் பேர்போனவை. இவை பெரும்பாலும் பிராண்டட் கணினிகளிலிருந்து கழற்றி செகண்ட் ஹேண்டில் விற்கப்படுபவை. மேக்ஓஎஸ் வேறு டிரைவில் இருந்தால்கூட, போர்டில் இவை செருகியிருந்தாலே சிக்கல் வரலாம். நிறுவும்போது கழற்றி வைத்துவிடுங்கள். விண்டோஸ் இருக்கும் டிரைவையும் அப்போது கழற்றி வைப்பது நல்லது. தவறான டிரைவை அழித்துவிடும் அபாயம் அதோடு தீர்ந்தது.

பயாஸ்: இங்கே பொறுமையாக உட்காருங்கள்

பின்னால் வரும் சிக்கல்களில் நிறைய இங்கேதான் தொடங்குகின்றன. முதலில் பயாஸை அதன் டிஃபால்ட் நிலைக்குக் கொண்டுவாருங்கள். ஓவர்கிளாக் எதுவும் இருந்தால் போகட்டும். அப்புறம் இவற்றை அணைத்துவிடுங்கள்: ஃபாஸ்ட் பூட், செக்யூர் பூட், சிஎஸ்எம் (பழைய பாணி பூட் முறைக்கான ஆதரவு), சீரியல் போர்ட், பேரலல் போர்ட், இன்டெல் எஸ்ஜிஎக்ஸ், பிளாட்ஃபார்ம் டிரஸ்ட், தண்டர்போல்ட். விடி-டியையும் அணைக்கலாம். விண்டோஸில் அது தேவைப்படுகிறது என்றால், ஓப்பன்கோரில் டிசேபிள் ஐஓமேப்பர் என்ற குவிர்க்கை (வன்பொருள் சிக்கலைச் சமாளிக்கும் ஆன்-ஆஃப் செட்டிங்) ஆன் செய்துவிட்டு அதை அணைக்காமல் விட்டுவிடலாம்.

ஆன் செய்ய வேண்டியவை: அபவ் 4ஜி டிகோடிங், எக்ஸ்எச்சிஐ ஹேண்ட்-ஆஃப், விடி-எக்ஸ். சாட்டா மோட் ஏஎச்சிஐ ஆக இருக்க வேண்டும். ரெய்டு அல்லது இன்டெல் ஆர்எஸ்டி என்று இருந்தால் மேக்ஓஎஸ் அந்த டிரைவைப் பார்க்காது. ஆனால் விண்டோஸ் ஏற்கெனவே ரெய்டு மோடில் நிறுவப்பட்டிருந்தால், இதை மாற்றியதும் விண்டோஸ் பூட் ஆகாமல் போகும், முதலில் அதற்கு வழி பார்த்துவிட்டு மாற்றுங்கள். உள் கிராஃபிக்ஸைப் பயன்படுத்துபவர்கள் டிவிஎம்டி அளவை 64 எம்பி என்று வைக்கவும். அபவ் 4ஜியோடு ரீசைசபிள் பார் என்ற ஒன்று தானாக ஆன் ஆகும் போர்டுகள் உண்டு, நிறுவி முடிக்கும்வரை அதை அணைத்து வையுங்கள்.

இதில் சிஎஃப்ஜி லாக் என்பது தனி விஷயம். ப்ராசசரின் மின்சார மேலாண்மைக்கான ஒரு பதிவேட்டைப் பயாஸ் எழுதவிடாமல் பூட்டி வைப்பதுதான் அது. மேக்ஓஎஸ் கெர்னல் அதில் எழுத முயலும், பூட்டியிருந்தால் அங்கேயே விழுந்துவிடும். சில போர்டுகளில் பயாஸ் மெனுவிலேயே அணைக்கலாம். மெனுவில் இல்லாவிட்டால் கான்ஃபிக் கோப்பில் (ஓப்பன்கோரின் செட்டிங்குகள் எல்லாம் இருக்கும் கோப்பு) கெர்னல் பகுதியின் குவிர்க்ஸுக்குள் ஆப்பிள் எக்ஸ்சிபிஎம் சிஎஃப்ஜி லாக் என்பதை ஆன் செய்ய வேண்டும். புதியவர்கள் எந்த யோசனையும் இல்லாமல் இதை ஆன் செய்துகொண்டே தொடங்கலாம். போர்டில் லாக் இல்லாவிட்டாலும் இதனால் கெடுதல் வராது.

பென் டிரைவைச் சரிபார்க்கும் முறை

மேக் கையில் இல்லாதவர்கள் விண்டோஸிலிருந்தே, ஓப்பன்கோரோடு வரும் மேக்ரிகவரி என்ற ஸ்கிரிப்டால் ஆப்பிளின் சர்வரிலிருந்து ரிகவரி கோப்புகளை இறக்கலாம். 4 ஜிபி பென் டிரைவ் போதும், மீதியை இன்ஸ்டாலர் இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளும். முழு இன்ஸ்டாலர் செய்வதென்றால் 16 ஜிபி வேண்டும். பென் டிரைவை ஃபேட்32 ஆக ஃபார்மட் செய்து, இஎஃப்ஐ ஃபோல்டரையும் ரிகவரி ஃபோல்டரையும் அதன் வேரிலேயே வையுங்கள். ஜிப் கோப்பைப் பிரிக்கும்போது இஎஃப்ஐக்குள் இன்னொரு இஎஃப்ஐ வந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. வெளி இஎஃப்ஐயைத் திறந்தவுடன் பூட், ஓசி என்ற இரண்டு ஃபோல்டர்கள் தெரிய வேண்டும்.

ஓசி ஃபோல்டருக்குள் டிரைவர்ஸ் என்பதில் ஓப்பன்ரன்டைம், எச்எஃப்எஸ்பிளஸ் இரண்டும் கட்டாயம். கெக்ஸ்ட்களில் (கெர்னலில் ஏற்றப்படும் டிரைவர் கோப்புகள்) லிலு, விர்ச்சுவல்எஸ்எம்சி, வாட்எவர்கிரீன் மூன்றும் வேண்டும். அதோடு உங்கள் நெட்வொர்க் சிப்புக்கான கெக்ஸ்ட் வேண்டும். இன்டெல் சிப் என்றால் இன்டெல்மவுசி, ரியல்டெக் என்றால் ஆர்டிஎல்8111. ரிகவரி வழியில் போகிறவர்களுக்கு இந்த நெட்வொர்க் கெக்ஸ்ட் இல்லாவிட்டால் இன்ஸ்டாலர் திரை வரை போய்த் திரும்ப வேண்டியதுதான். வைஃபையை இப்போதைக்கு மறந்துவிட்டு ஈதர்நெட் கேபிளைச் செருகுங்கள்.

இசட்390 போர்டுக்கு ஏசிபிஐ ஃபோல்டரில் (போர்டின் வன்பொருளை இயங்குதளத்துக்கு விவரிக்கும் எஸ்எஸ்டிடி கோப்புகள் இருக்கும் இடம்) நான்கு கோப்புகள் வரும்: எஸ்எஸ்டிடி பிளக், ஈசி-யூஎஸ்பிஎக்ஸ், ஆவாக், பிஎம்சி. இந்தப் பெயர்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கெர்னல் கட்டத்தில் மறுபடி வருகின்றன.

கான்ஃபிக் கோப்பைத் திருத்த ப்ராப்பர்ட்ரீ என்ற இலவசக் கருவி போதும். ஃபோல்டரில் ஒரு கெக்ஸ்டைச் சேர்த்தாலோ எடுத்தாலோ, அதில் ஓசி ஸ்னாப்ஷாட் எடுத்தால் கான்ஃபிக்கில் உள்ள பட்டியல் ஃபோல்டரோடு ஒத்துப்போகும். பிறகு ஓப்பன்கோரின் யூடிலிட்டீஸ் ஃபோல்டரில் இருக்கும் ஓசிவேலிடேட் கருவியில் கான்ஃபிக்கை இழுத்துப் போடுங்கள். பதிப்புக்குப் பொருந்தாத வரிகள், விட்டுப்போன வரிகள், தவறான மதிப்புகள் எல்லாவற்றையும் அது வரி வரியாகச் சொல்லும். பிழை ஒன்றுமில்லை என்று அது சொல்லும்வரை கணினியை ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். அரை நிமிட வேலை. இதைச் செய்யாமல் ஒரு மாலைப் பொழுதையே இழப்பவர்கள் நிறைய.

என்ன நடக்கிறது என்று திரையில் தெரியச் செய்யுங்கள்

கான்ஃபிக்கில் என்விராம் (கணினியை அணைத்தாலும் அழியாத நினைவகம்) பகுதியில், கெர்னலுக்கான கட்டளைகளைக் கொண்ட பூட் ஆர்க்ஸ் என்ற வரி இருக்கும். அதில் ஒரு கழித்தல் குறியும் அதை ஒட்டிச் சின்ன ‘வி’ எழுத்தும் போட்டால் ஆப்பிள் சின்னத்துக்குப் பதிலாக வெள்ளை எழுத்துகள் ஓடும். கூடவே டீபக்=0எக்ஸ்100, கீப்சிம்ஸ்=1 என்ற இரண்டையும் சேருங்கள். முதலாவது, கெர்னல் பேனிக் வந்தால் கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும். இரண்டாவது, பேனிக் செய்தியில் வெறும் எண்களுக்குப் பதிலாகப் பெயர்களைக் காட்டும்.

அந்த எழுத்துகள் கண்ணால் படிக்க முடியாத வேகத்தில் ஓடும். செல்போனை ஒரு டம்ளர் மீது சாய்த்து வைத்து ஸ்லோ மோஷனில் வீடியோ எடுத்துவிட்டு, கடைசி நொடிகளை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பாருங்கள். நின்றுபோன திரையில் கடைசி வரியை மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். கெர்னல் பல வேலைகளை ஒரே நேரத்தில் செய்கிறது, கடைசியாக எழுதிய வரி சிக்கலில்லாத வேறொரு டிரைவருடையதாக இருக்கலாம். மேலே பத்துப் பதினைந்து வரிகளையும் சேர்த்துப் படித்து, ‘ஃபெயில்ட்’, ‘டைம்அவுட்’, ‘வெயிட்டிங்’ போன்ற சொற்கள் எங்கே வருகின்றன என்று பாருங்கள்.

ஓப்பன்கோரின் டீபக் பதிப்பைப் போட்டு, கான்ஃபிக்கில் மிஸ்க் பகுதியின் டீபக்குக்குள் டார்கெட் மதிப்பை 67 என்று வைத்தால், பென் டிரைவின் வேரில் ஒரு உரைக் கோப்பாக லாக் எழுதப்படும். கெர்னல் தொடங்கும் முன்புவரை நடப்பதை அதில் நிதானமாகப் படிக்கலாம்.

இன்னொன்றையும் இப்போதே பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஒரு முறைக்கு ஒரே ஒரு மாற்றம். மாற்றியதைத் தாளில் எழுதுங்கள். ஓடவில்லை என்றால் பழைய மதிப்புக்குத் திருப்பிவிட்டு அடுத்ததை மாற்றுங்கள். கான்ஃபிக்கை மாற்றிய பிறகு, ஓப்பன்கோர் மெனுவில் ஸ்பேஸ் விசையை அழுத்தினால் ரீசெட் என்விராம் என்ற தேர்வு வரும், அதை ஒரு தடவை ஓட்டிவிட்டுப் பூட் செய்யுங்கள். அந்தத் தேர்வு வர ரீசெட்என்விராம்என்ட்ரி என்ற டிரைவரும் ஃபோல்டரில் இருக்க வேண்டும். பழைய பூட் ஆர்க்ஸ் நினைவில் ஒட்டிக்கொண்டு புது மாற்றத்தை மறைப்பது உண்டு.

ஓப்பன்கோர் மெனுவே வரவில்லை

பயாஸின் பூட் மெனுவில் பென் டிரைவ் தெரியவில்லை என்றால், சிஎஸ்எம் இன்னும் ஆனில் இருக்கிறது, அல்லது இஎஃப்ஐ ஃபோல்டர் தவறான இடத்தில் இருக்கிறது. தெரிகிறது, ஆனால் தேர்ந்தெடுத்ததும் கருப்புத் திரையில் ஓசி என்று தொடங்கும் ஒரு வரி வந்து நிற்கிறது என்றால் நல்லதுதான். ஓப்பன்கோர் தன் குறையைத் தானே சொல்கிறது.

வால்ட் இல்லை என்று சொன்னால், மிஸ்க் பகுதியில் செக்யூரிட்டிக்குள் வால்ட் என்பதை ஆப்ஷனல் என்று மாற்றுங்கள். பெரிய எழுத்து சிறிய எழுத்து பார்த்து எழுத வேண்டும். ஒரு டிரைவர் கிடைக்கவில்லை என்றால், கான்ஃபிக்கில் பெயர் இருந்து ஃபோல்டரில் கோப்பு இல்லை என்று பொருள், ஸ்னாப்ஷாட்டை மறுபடி எடுங்கள். ஓப்பன்ரன்டைம் பொருந்தவில்லை என்று வந்தால், ஓப்பன்கோரை மட்டும் புதுப்பித்துவிட்டு டிரைவரைப் பழையதாக விட்டிருக்கிறீர்கள். இரண்டும் ஒரே வெளியீட்டிலிருந்து வர வேண்டும்.

மெனு வருகிறது, ஆனால் மேக்ஓஎஸ் தேர்வு அதில் இல்லை என்பது இன்னொரு வகை. எச்எஃப்எஸ்பிளஸ் டிரைவர் இல்லாவிட்டால் முழு இன்ஸ்டாலர் உள்ள பகுதியை ஓப்பன்கோரால் படிக்க முடியாது. ஸ்கேன்பாலிசி மதிப்பை 0 என்று வைத்தால் எல்லா டிரைவ்களையும் அது தேடும். ரிகவரி வழியில் வந்தவர்கள் ரிகவரி ஃபோல்டரின் பெயரைச் சரிபாருங்கள், ஸ்கிரிப்ட் கொடுத்த பெயரை மாற்றக் கூடாது.

தேர்ந்தெடுத்ததும் செக்யூரிட்டி வயலேஷன் என்று வந்தால், செக்யூர்பூட்மாடல் மதிப்பை டிசேபிள்ட் ஆக்கிவிட்டு நிறுவுங்கள். எல்லாம் முடிந்த பிறகு டிஃபால்டுக்குத் திருப்பலாம்.

எக்ஸிட்பிஎஸ் ஸ்டார்ட் என்ற வரியில் நிற்கிறது

புதியவர்கள் அதிகம் மாட்டும் இடம் இது. வெள்ளை எழுத்துகள் ஓடி, இபி என்று தொடங்கும் வரிகளில் கடைசியாக எக்ஸிட்பிஎஸ் ஸ்டார்ட் என்று எழுதிவிட்டு நிற்கும். ஆப்பிளின் பூட்டர் தன் வேலையை முடித்துவிட்டது, பயாஸின் பூட் சேவைகளிலிருந்து வெளியேறி நினைவகத்தைக் கெர்னலிடம் ஒப்படைக்கப் பார்க்கிறது. கெர்னல் இன்னும் ஒரு வரிகூட எழுதவில்லை. ஆகவே யூஎஸ்பியையோ சவுண்டையோ நெட்வொர்க்கையோ இப்போது சந்தேகிக்க வேண்டாம். கெக்ஸ்டுகளை மாற்றிக்கொண்டிருந்தாலும் பயன் குறைவு.

இங்கே பார்க்க வேண்டியது நினைவக வரைபடமும் சிஎஃப்ஜி லாக்கும். கான்ஃபிக்கின் பூட்டர் பகுதியில் குவிர்க்ஸ் என்று ஒரு பட்டியல் இருக்கும். ப்ராசசர் தலைமுறைக்கும் சிப்செட்டுக்கும் ஏற்ப அது மாறும். நம் உதாரணக் கணினிக்கு டிவர்ச்சுவலைஸ் எம்எம்ஐஓ, ரீபில்ட் ஆப்பிள் மெமரி மேப், சிங்க் ரன்டைம் பெர்மிஷன்ஸ், செட்டப் வர்ச்சுவல் மேப் ஆகியவை ஆனில் இருக்க வேண்டும், எனேபிள் ரைட் அன்ப்ரொடெக்டர் அணைந்திருக்க வேண்டும். இசட்390க்கு மட்டும் கூடுதலாக ப்ரொடெக்ட் யூஇஎஃப்ஐ சர்வீசஸ் தேவை. மற்ற 300 வரிசை போர்டுகளின் கான்ஃபிக்கை நகலெடுத்தவர்கள் இந்த ஒன்றை விட்டுவிட்டு இங்கே நிற்பார்கள். பத்தாம் தலைமுறைக்கும் இசட்490க்கும் போனால், செட்டப் வர்ச்சுவல் மேப் அணைந்திருக்க வேண்டும். ஒரே ஒரு வரியின் வித்தியாசம்தான், ஆனால் பக்கத்து வீட்டு இசட்490 கான்ஃபிக் உங்கள் இசட்390இல் ஓடாததற்கு அதுவே போதும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் நின்றால், சிஎஃப்ஜி லாக் குவிர்க், அபவ் 4ஜி, சிஎஸ்எம் மூன்றையும் மறுபடி பாருங்கள். பயாஸ் அப்டேட் செய்த பிறகு செட்டிங்ஸ் டிஃபால்டுக்குப் போய் சிஎஸ்எம் திரும்ப ஆன் ஆகியிருக்கும், பலரும் அதைக் கவனிப்பதில்லை. ரைசன் ப்ராசசர் என்றால் கதை வேறு. அதற்கெனத் தனிக் கெர்னல் பேட்சுகள் தேவை, அதில் உங்கள் ப்ராசசரின் கோர் எண்ணிக்கையை நீங்களே எழுத வேண்டும். அதை விட்டுவிட்டாலும் தவறாக எழுதினாலும் கெர்னல் எழாது.

கெர்னல் எழுந்தது, பிறகு நின்றது

எழுத்து வடிவம் மாறி, வரிகள் திரை முழுக்க ஓடத் தொடங்கினால் கெர்னல் எழுந்துவிட்டது. பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

பிசிஐ கான்ஃபிகரேஷன் பிகின் என்ற வரியின் அருகே நின்றால், முதல் சந்தேகம் அபவ் 4ஜி டிகோடிங். பயாஸில் அது இல்லவே இல்லாத போர்டு என்றால், பூட் ஆர்க்ஸில் என்பிசிஐ=0எக்ஸ்3000 என்று சேருங்கள். பயாஸில் ஆன் செய்துவிட்டு இதையும் போடக் கூடாது, இரண்டில் ஒன்று மட்டும். இதே பகுதியில் ஆர்டிசி, அதாவது கடிகாரம், பற்றிய வரிகளோடு நின்றால் ஆவாக் கோப்பு விட்டுப்போயிருக்கலாம். 300 வரிசை முதல் பல போர்டுகளில் பழைய ஆர்டிசிக்குப் பதிலாக ஆவாக் என்ற புதுக் கடிகாரம் வந்தது. மேக்ஓஎஸ்ஸுக்குப் பழையதுதான் புரியும். அந்த எஸ்எஸ்டிடி கோப்பு புதியதை மறைத்துப் பழையதை எழுப்பிவிடுகிறது. கேடலினா முதல் எம்பெடட் கன்ட்ரோலர் ஒன்று இருப்பதாகவும் மேக்ஓஎஸ் எதிர்பார்க்கிறது. ஈசி-யூஎஸ்பிஎக்ஸ் இல்லாவிட்டால் அதற்காகக் காத்துக்கொண்டே இருக்கும்.

பேனிக் செய்தியில் இன்டெல் சிபியு பவர் மேனேஜ்மென்ட் என்ற பெயர் இருந்தால், சிஎஃப்ஜி லாக்தான். ஒரு கெக்ஸ்டின் பெயர் திரும்பத் திரும்ப வந்தால் அதை மட்டும் அணைத்துவிட்டுப் பாருங்கள். கான்ஃபிக் பட்டியலில் லிலு எல்லாவற்றுக்கும் முன்னால் இருக்க வேண்டும், அதை நம்பி இருக்கும் மற்றவை பிறகுதான் வர வேண்டும்.

ரூட் டிவைஸுக்காகக் காத்திருக்கிறது

‘ஸ்டில் வெயிட்டிங் ஃபார் ரூட் டிவைஸ்’ என்ற வரி மறுபடி மறுபடி வரும், அல்லது திரையில் வட்டத்துக்குள் குறுக்குக்கோடு போட்ட தடைக் குறி வரும். இதைப் பார்த்துப் பென் டிரைவ் கெட்டுவிட்டது என்று பலர் புதிதாக வாங்குகிறார்கள். வேண்டாம்.

ஓப்பன்கோர் மெனுவில் இருக்கும்வரை பென் டிரைவைப் படித்துக்கொடுத்தது பயாஸ். கெர்னல் எழுந்ததும் பயாஸ் ஒதுங்கிக்கொள்கிறது. இனி கெர்னல் தன் சொந்த யூஎஸ்பி டிரைவரால் அதே பென் டிரைவை மறுபடி தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அந்தத் தேடல் தோற்கும்போதுதான் இந்தச் செய்தி. ஒரு நொடி முன்பு படித்துக்கொண்டிருந்த பென் டிரைவ் மறைந்துபோவது இதனால்தான்.

தோற்பதற்கு முக்கியக் காரணம் 15 போர்ட் வரம்பு. மேக்ஓஎஸ் ஒரு யூஎஸ்பி கன்ட்ரோலரில் 15 போர்ட்களை மட்டுமே ஏற்கும். இசட்390 சிப்செட்டிலேயே 20க்கு மேல் உண்டு. மேலும், நீல நிற யூஎஸ்பி 3 துளை ஒன்றை மேக்ஓஎஸ் இரண்டாக எண்ணும், வேகமான பக்கம் ஒன்று, யூஎஸ்பி 2 பக்கம் ஒன்று. 15ஐத் தாண்டிய எண்ணில் உங்கள் துளை விழுந்தால் கெர்னலுக்கு அது இருப்பதே தெரியாது. எக்ஸ்எச்சிஐ போர்ட் லிமிட் என்ற குவிர்க் இந்த வரம்பை உடைக்க உதவியது. பிக் சர் 11.3 முதல் அது வேலை செய்வதில்லை. சோனோமா போடுபவர்கள் அதை அணைத்தே வைக்கவும்.

முதலில் எளிதானதைச் செய்யுங்கள். பென் டிரைவை மதர்போர்டின் பின்பக்கக் கருப்பு யூஎஸ்பி 2 துளையில் செருகுங்கள். கேபினட்டின் முன்பக்கத் துளைகள், ஹப் எதுவும் வேண்டாம். ஓடவில்லையா, அடுத்த துளை. பலருக்கு இதிலேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் விண்டோஸில் யூஎஸ்பிடூல்பாக்ஸ் என்ற கருவியை ஓட்டி, ஒவ்வொரு துளையிலும் ஒரு பென் டிரைவைச் செருகி எடுத்து, எது எந்த எண் என்று குறித்து, தேவையான 15ஐ மட்டும் தேர்ந்தெடுத்து ஒரு மேப் கெக்ஸ்ட் செய்துகொள்ளலாம். கீபோர்டு, மவுஸ், புளூடூத் ஆகியவற்றின் துளைகளையும் அந்த 15க்குள் சேர்க்க மறக்காதீர்கள். எப்படியும் பிற்பாடு செய்ய வேண்டிய வேலைதான். முன்பே செய்தால் நல்லது.

பென் டிரைவிலிருந்து ஓடி, நிறுவிய டிரைவிலிருந்து பூட் செய்யும்போது இதே செய்தி வந்தால் சாட்டா மோடைப் பாருங்கள்.

எழுத்துகள் முடிந்து திரை கருப்பாகிறது

ஐஓ கன்சோல் யூசர்ஸ், ஸ்கிரீன் லாக் ஸ்டேட் 3 என்பது போன்ற வரியோடு நிற்கும், அல்லது மானிட்டர் ‘நோ சிக்னல்’ சொல்லும். கணினி உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது, கிராஃபிக்ஸ் மட்டும் எழவில்லை. மானிட்டர் கேபிள் எங்கே செருகியிருக்கிறது என்று பாருங்கள். தனி கார்டு இருந்தால் கேபிள் அதில்தான் இருக்க வேண்டும், மதர்போர்டில் அல்ல.

ஆர்எக்ஸ் 580க்குத் தனியாக எதுவும் தேவையில்லை, வாட்எவர்கிரீன் போதும். ஆர்எக்ஸ் 5000, 6000 வரிசைக்குப் பூட் ஆர்க்ஸில் ஏஜிடிபிமாட்=பிகேரா என்று சேர்க்காவிட்டால் கருப்புத் திரைதான். உள் கிராஃபிக்ஸை மட்டும் நம்பியிருப்பவர்களுக்குக் கான்ஃபிக்கின் டிவைஸ் ப்ராப்பர்ட்டீஸில் ஐஜி பிளாட்ஃபார்ம் ஐடி சரியாக இருக்க வேண்டும். யூஎச்டி 630க்கு, திரையை ஓட்டுவதற்கு ஒரு ஐடியும், தனி கார்டுக்குத் துணையாகப் பின்னால் வேலை செய்வதற்கு வேறு ஐடியும் உண்டு. இரண்டாவதைப் போட்டுவிட்டு மதர்போர்டில் கேபிளைச் செருகினால் படம் வராது. எச்டிஎம்ஐயில் வராதது டிஸ்ப்ளேபோர்ட்டில் வருவதும் உண்டு, அந்தக் கேபிள் கையில் இருந்தால் முயன்று பாருங்கள்.

சப்போர்ட் இல்லாத என்விடியா கார்டு கணினியில் இருக்கிறது, உள் கிராஃபிக்ஸ் வேலை செய்யும் என்றால், கழித்தல் குறியோடு வெக்னோஇஜிபியு என்று பூட் ஆர்க்ஸில் சேர்த்தால் மேக்ஓஎஸ் அந்தக் கார்டைக் கண்டுகொள்ளாது.

இன்ஸ்டாலர் திரைக்கு வந்தபின்

டிஸ்க் யூடிலிட்டியில் டிரைவ் தெரியவில்லை என்றால், வியூ மெனுவில் ஷோ ஆல் டிவைசஸ் கொடுங்கள். பகுதியை விட்டுவிட்டு, மேலே இருக்கும் முழு டிரைவைத் தேர்ந்தெடுத்து ஏபிஎஃப்எஸ், ஜியுஐடி பார்ட்டிஷன் மேப் என்று அழியுங்கள். அதில் இருப்பதெல்லாம் போய்விடும் என்பதால், அளவைப் பார்த்து உறுதிசெய்துகொண்டு அழுத்துங்கள்.

ரிகவரி சர்வரைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்று வந்தால் நெட்வொர்க் கெக்ஸ்டைப் பாருங்கள். இணையம் இருந்தும் அதே செய்தி வந்தால் கணினியின் தேதி தவறாக இருக்கலாம், பயாஸில் சரிசெய்யுங்கள். நீண்ட நாள் அணைந்து கிடந்த போர்டில் பேட்டரி தீர்ந்து தேதி பின்னால் போயிருக்கும்.

நிறுவும்போது கணினி சில முறை ரீஸ்டார்ட் ஆகும். ஒவ்வொரு முறையும் ஓப்பன்கோர் மெனுவில் மேக்ஓஎஸ் இன்ஸ்டாலர் என்ற புதுத் தேர்வு இருக்கும், அதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். பென் டிரைவின் தேர்வை மறுபடி அழுத்தினால் திரும்பத் திரும்ப முதல் திரைக்கே வருவீர்கள். இன்ஸ்டாலர் தேர்வு மறைந்து நீங்கள் டிரைவுக்கு வைத்த பெயர் வந்ததும் அதைத் தேர்ந்தெடுங்கள்.

கடைசி ஓரிரு நிமிடம் மீதி என்று காட்டி நெடுநேரம் நின்றால் இசட்390காரர்கள் பிஎம்சி கோப்பைப் பாருங்கள். இன்ஸ்டாலர் அந்தக் கட்டத்தில் என்விராமில் எழுதுகிறது, பிஎம்சி இல்லாவிட்டால் இந்தப் போர்டுகளில் எழுத முடியாது. ஆனால் அரை மணி நேரமாவது காத்திருந்து பாருங்கள். பழைய ஹார்ட் டிஸ்கில் நிறுவும்போது அது உண்மையிலேயே நேரம் எடுக்கும்.

டெஸ்க்டாப் வந்தபின் இஎஃப்ஐ இன்னும் பென் டிரைவில்தான் இருக்கிறது. மவுன்ட்இஎஃப்ஐ என்ற சின்னக் கருவியால் உள் டிரைவின் இஎஃப்ஐ பகுதியைத் திறந்து, பென் டிரைவில் உள்ள இஎஃப்ஐ ஃபோல்டரை அப்படியே நகலெடுங்கள். பென் டிரைவை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்து, பயாஸில் உள் டிரைவை முதல் பூட் தேர்வாக வையுங்கள். அது ஓடியபின் டீபக் பதிப்பை எடுத்துவிட்டுச் சாதாரணப் பதிப்பைப் போட்டு, டார்கெட்டை 3 ஆக்கி, ‘வி’யை நீக்கலாம். ஓடிய இஎஃப்ஐயை அந்தப் பென் டிரைவிலேயே விட்டு மேசை இழுப்பறையில் போட்டு வையுங்கள். அடுத்த அப்டேட்டுக்கு முன் கெக்ஸ்டுகளை உள் டிரைவில் புதுப்பிக்கும்போது ஏதாவது நின்றுபோனால், அதைச் செருகித்தான் உள்ளே போக முடியும்.